விமானத்தை வாங்கலாம், இயந்திர அறிவை வாங்க முடியுமா?

யுத்த காலத்தில் வடக்கு கிழக்கில் வாழ்ந்தவர்களுக்குக் ‘கிபிர்’ என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. வானத்தில் அதன் இரைச்சல் கேட்ட நாட்களைப் பற்றி வீட்டிலுள்ள பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். 2009இல் யுத்தம் முடிந்த பின்னர் பிறந்த மாணவிகளுக்கு அது ஒரு பழைய கதை. ஆனால் அந்த விமானத்தை இயக்கிய இயந்திரம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் பார்த்தால், இன்றைய மாணவிகளும் அவர்களது பெற்றோரும் சிந்திக்க வேண்டிய ஒரு விடயம் கிடைக்கிறது. ஒரு பொருளைக் காசு கொடுத்து வாங்குவதற்கும், அதைச் செய்யத் தெரிந்திருப்பதற்கும் உள்ள தூரம் எவ்வளவு என்பதே அது.

கிபிர் யாருடைய விமானம்?

கிபிர் என்பது ஹீப்ரு மொழிச் சொல். சிங்கக்குட்டி என்று பொருள். இஸ்ரேலில் செய்யப்பட்ட இந்த விமானங்கள் 1996இல் இலங்கை விமானப்படைக்கு வந்து சேர்ந்தன. ஆகவே அதை இஸ்ரேலிய விமானம் என்று சொல்வது வழக்கம். உண்மையில் அதன் உடல் வடிவம் பிரான்சின் ‘மிராஜ்’ விமானத்திலிருந்து வந்தது. உள்ளே இருந்த ஜே-79 என்ற இயந்திரம் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனியினுடையது.

இந்தக் கலப்புக்கு ஒரு காரணம் உண்டு. 1967ஆம் ஆண்டு மத்திய கிழக்கு யுத்தத்தையொட்டி, பிரான்சின் ஜனாதிபதி டி கோல் இஸ்ரேலுக்கு ஆயுதம் விற்பதைத் தடை செய்தார். இஸ்ரேல் பணம் செலுத்தியிருந்த 50 மிராஜ் விமானங்கள் பிரான்சிலேயே நின்றுவிட்டன. அதன் பின்னர்தான் இஸ்ரேல் அதே வடிவத்தைத் தழுவித் தானே விமானம் செய்து, அதில் அமெரிக்க இயந்திரத்தைப் பொருத்தியது.

பிரான்சின் பிடி விட்டது. அமெரிக்காவின் பிடி இறுகியது. 1977இல் 24 கிபிர் விமானங்களை ஈக்குவடோருக்கு விற்க இஸ்ரேல் முயன்றபோது, அமெரிக்க ஜனாதிபதி கார்ட்டர் அனுமதி மறுத்தார். விற்பது ஒரு நாடு, வாங்குவது இன்னொரு நாடு, இதில் அமெரிக்காவுக்கு என்ன வேலை என்று நாம் கேட்கலாம். இயந்திரம் அமெரிக்காவினுடையது. இயந்திரத்தைச் செய்தவர் சம்மதிக்காமல் விமானத்தை மூன்றாம் ஆளுக்கு விற்க முடியாது. அமெரிக்காவில் ஆட்சி மாறிய பிறகே அந்த விற்பனை நடந்தது.

விமானத்தையே செய்யத் தெரிந்த நாட்டின் நிலை இது என்றால், வாங்கிப் பறக்கவிடும் நாட்டின் நிலை எப்படி இருக்கும்? 2021இல் இலங்கை தன்னிடமிருந்த 5 கிபிர் விமானங்களைப் புதுப்பிப்பதற்கு இஸ்ரேலியக் கம்பனியுடன் 5 கோடி டொலருக்கு ஒப்பந்தம் செய்தது. அதற்கு அடுத்த ஆண்டுதான் எரிபொருளும் மருந்தும் வாங்க டொலர் இல்லாமல் முழு நாடும் வரிசையில் நின்றது.

மண்ணெண்ணெயில் பறக்கும் இயந்திரம்

வாவியில் வலை வீசும் சிறு தோணிக்குத் துடுப்புப் போதும். கடலுக்குப் போகும் படகுக்கு இயந்திரம் வேண்டும். எமது கரையில் பல படகுகளின் பின்புறத்தில் பூட்டியிருக்கும் இயந்திரங்கள் மண்ணெண்ணெயில் ஓடுபவை. 2022இல் மண்ணெண்ணெய் கிடைக்காதபோது படகுகள் கரையில் கிடந்ததை நாம் கண்டோம். போர் விமானங்களும் பயணிகள் விமானங்களும் எரிப்பது அதே இனத்தைச் சேர்ந்த, நன்கு சுத்திகரிக்கப்பட்ட மண்ணெண்ணெயைத்தான். எரிபொருளில் இரகசியம் எதுவும் இல்லை. அதை எரிக்கும் முறையில்தான் இருக்கிறது.

ஊதிய பலூனின் வாயைக் கட்டாமல் விட்டால் காற்று ஒரு பக்கம் பாய, பலூன் மறுபக்கம் பறக்கும். ஒவ்வொரு தாக்கத்துக்கும் சமமான எதிர்த் தாக்கம் உண்டு என்ற நியூட்டனின் மூன்றாம் விதி இதுதான். ஜெட் இயந்திரமும் அதே விதிப்படி இயங்குகிறது. ஆனால் பலூனில் உள்ள காற்று ஒரு நொடியில் தீர்ந்துவிடும். ஜெட் இயந்திரம் தனக்கு வேண்டிய காற்றைத் தானே இடைவிடாமல் இழுத்துக்கொள்ள வேண்டும்.

இது நான்கு படிகளில் நடக்கிறது. முன்புறத்தில் சுழலும் தகடுகள் காற்றை உள்ளே இழுக்கின்றன. அமுக்கி என்ற பகுதி, வரிசை வரிசையாக அமைந்த தகடுகளால் அக்காற்றை நெருக்கி அமுக்குகிறது. தகன அறையில் எரிபொருள் தெளிக்கப்பட்டு எரிய, காற்று பெரும் வெப்பத்துடன் விரிகிறது. விரிந்த வாயு பின்புறமாகப் பாயும் வழியில் சுழலி என்ற சக்கரத்தைச் சுற்றிவிட்டு வெளியேறுகிறது. சுழலியும் அமுக்கியும் ஒரே தண்டில் இணைந்திருப்பதால், பின்னால் சுழலி சுற்ற, முன்னால் அமுக்கி தொடர்ந்து காற்றை இழுக்கும்.

பிரித்தானியாவின் பிராங்க் விட்டில் 1937இல் இத்தகைய இயந்திரத்தை முதன்முதலாக இயக்கிக் காட்டினார். ஜெர்மனியின் ஹான்ஸ் வொன் ஓஹைன் உருவாக்கிய இயந்திரத்துடன் 1939 ஓகஸ்ட் 27ஆம் திகதி முதலாவது ஜெட் விமானம் பறந்தது. இன்று இந்தத் தத்துவத்தை உயர்தரப் பௌதிகவியல் மாணவி ஒருவரால் கரும்பலகையில் வரைந்து விளக்க முடியும். அப்படியிருந்தும் சிறந்த போர் விமான இயந்திரத்தை முழுவதும் சொந்தமாகச் செய்யும் நாடுகளைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். அமெரிக்கா, பிரித்தானியா, பிரான்ஸ், ரஷ்யா ஆகியவை நீண்ட காலமாக அதைச் செய்கின்றன. சீனா அண்மைக் காலத்தில் அவற்றோடு சேர்ந்துகொண்டது. ஏன் இவ்வளவு சிலர்?

உருகும் வெப்பத்தில் உருகாத தகடு

பதில் சுழலியில் இருக்கிறது. அதன் ஒவ்வொரு தகடும் ஒரு விரல் அளவுதான். அதன் மேல் பாயும் வாயுவின் வெப்பநிலை 1500 பாகை செல்சியஸைத் தாண்டும். தகடு செய்யப்பட்ட நிக்கல் கலப்புலோகமோ ஏறத்தாழ 1300 முதல் 1400 பாகைக்குள் உருகத் தொடங்கும். அதாவது தன்னை உருக்கக்கூடிய நெருப்புக்குள் அந்தத் தகடு நிற்கிறது. சும்மா நிற்கவும் இல்லை. நிமிடத்துக்குப் பத்தாயிரம் தடவைக்கும் மேல் சுழல்கிறது. அந்த வேகத்தில் ஒரு சிறு தகட்டை வெளியே இழுக்கும் விசை பல தொன் பாரத்தைக் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம்.

இதைத் தாங்குவதற்குப் பொறியியலாளர்கள் மூன்று வழிகளைக் கண்டார்கள். முதலாவது, தகட்டின் உட்புறத்தைக் குழாய்போல் வார்த்து, மேற்பரப்பில் மிக நுண்ணிய துளைகள் இட்டு, ஒப்பீட்டளவில் குளிர்ந்த காற்றை அவற்றின் வழியே செலுத்தினார்கள். அந்தக் காற்று தகட்டைச் சுற்றி ஒரு மெல்லிய போர்வையாகப் படர்கிறது. இரண்டாவது, தகட்டின் மேல் வெப்பத்தைக் கடத்தாத வெண்களிப் பூச்சொன்றைப் பூசினார்கள். சிர்கோனியம் என்ற மூலகத்தின் ஒட்சைட்டே அதில் முக்கியமானது. மூன்றாவது, உலோகத்தையே மாற்றினார்கள். சாதாரண உலோகம் எண்ணற்ற சிறு பளிங்குகள் சேர்ந்தது. அதிக வெப்பத்தில் இழுபடும்போது பளிங்குகள் சந்திக்கும் எல்லைகளில்தான் அது முதலில் பிரியும். அதனால் முழுத் தகட்டையும் ஒரே பளிங்காக வளர்த்தெடுக்கும் முறையை உருவாக்கினார்கள். எல்லையே இல்லாவிட்டால் பிரிவதற்கு இடமில்லை.

இவை பாடநூல்களில் உள்ள செய்திகள். இல்லாதவை வேறு. எந்த மூலகம் எத்தனை வீதம், எந்த வேகத்தில் ஆறவிடுவது, துளை எந்தக் கோணத்தில், ஆயிரம் தகடுகளில் பழுதானதை எப்படிக் கண்டுபிடிப்பது என்பவற்றைக் கம்பனிகள் வெளியே சொல்வதில்லை. 1206இல் அல்-ஜஸரி தமது இயந்திரங்களைப் பற்றிய நூலை எழுதியபோது, வேறொருவரும் செய்யக்கூடியதாக ஒவ்வொரு பாகத்தையும் செய்யும் முறையுடன் விளக்கினார். இன்றைய சுழலித் தகட்டுக்கு அப்படியொரு நூல் கிடையாது. செய்து, உடைந்து, மீண்டும் செய்து பழகியவர்களின் கைகளிலும் குறிப்பேடுகளிலும்தான் அது இருக்கிறது.

இங்கே எமது கரையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். திருகோணமலை மாவட்டத்தின் புல்மோட்டைக் கடற்கரை மணலில் இல்மனைட், ரூட்டைல், சிர்கோன் ஆகிய கனியங்கள் நிறைந்திருக்கின்றன. முதல் இரண்டும் தைத்தேனியத்தின் மூலப்பொருட்கள். ஜெட் இயந்திரத்தின் முன்பகுதித் தகடுகள் தைத்தேனியக் கலப்புலோகத்தால் செய்யப்படுகின்றன. சிர்கோன், சற்று முன்னர் சொன்ன வெப்பப் பூச்சுக்கான சிர்கோனியத்தைத் தருவது. அரசாங்கக் கம்பனி ஒன்று பல தசாப்தங்களாக இம்மணலைப் பிரித்தெடுத்து வருகிறது. அதில் பெரும்பகுதி மூலப்பொருளாகவே கப்பலேறுகிறது. உலகில் இத்தகைய மணலின் பெரும்பங்கு வெள்ளைப் பெயின்ற் செய்யவே பயன்படுகிறது என்பதும் உண்மை. எப்படியானாலும், மணலாகப் போகும் பொருள் பெயின்றாகவும் உலோகமாகவும் பல மடங்கு விலையில்தான் திரும்பி வருகிறது. மணல் எம்மிடம் இருக்கிறது. இடையில் உள்ள அறிவு எம்மிடம் இல்லை.

காவிரியின் கதை

எம்மைவிடப் பல மடங்கு பெரிய இந்தியாவும் இந்தத் தடையில் இரண்டு தடவை முட்டியது. 1961 ஜூன் 17ஆம் திகதி பறந்த ‘மாருத்’ என்ற போர் விமானத்தை, ஜெர்மனியைச் சேர்ந்த கேர்ட் டேங்க் தலைமையில் பெங்களூரில் வடிவமைத்தார்கள். ஒலியின் வேகத்தை மிஞ்ச வேண்டும் என்பதே நோக்கம். அதற்கு ஏற்ற வலுவான இயந்திரத்தைப் பிரித்தானியாவிலிருந்து பெறும் திட்டம் கைகூடவில்லை. கிடைத்த வலுக்குறைந்த இயந்திரத்தையே பொருத்தினார்கள். நல்ல உடல் இருந்தும் மட்டமாகப் பறக்கும்போது ஒலியின் வேகத்தைத் தொட முடியாமலே மாருத் ஓய்வு பெற்றது.

அக்காலத்தில் எகிப்து ‘ஈ-300’ என்ற இயந்திரத்தைத் தன் மண்ணில் உருவாக்க முயன்றுகொண்டிருந்தது. இந்தியாவின் உடலும் எகிப்தின் இயந்திரமும் ஒன்றையொன்று நிறைவு செய்யலாம் என்று இரு நாடுகளும் நம்பின. மாருத் விமானம் ஒன்று எகிப்துக்கு அனுப்பப்பட்டு, 1967இல் அந்த இயந்திரத்துடன் பறந்தும் பார்த்தது. அதே ஆண்டு ஜூன் யுத்தத்தில் எகிப்து பெரும் இழப்பைச் சந்தித்தது. 1969இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. எட்டவிருந்த ஒரு கனி இரு நாடுகளின் கைக்கும் கிடைக்காமல் போயிற்று.

இரண்டாவது முயற்சி 1989இல் தொடங்கியது. ‘காவிரி’ என்று பெயர் சூட்டப்பட்ட ஜெட் இயந்திரத்தைப் பெங்களூரிலுள்ள ஆய்வுகூடம் உருவாக்கத் தொடங்கியது. தேஜஸ் என்ற போர் விமானத்துக்கான இயந்திரம் அது. காவிரி ஓடியது, ஆனால் நிறை கூடியும், உந்து விசை குறைந்தும் இருந்தது. பறந்தபடியே இயந்திரத்தைச் சோதிப்பதற்கு ஏற்ற பெரிய விமானம் நாட்டில் இல்லாததால், சோதனைக்காக ரஷ்யாவுக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. 2008இல் தேஜஸையும் காவிரியையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டார்கள்.

2001 ஜனவரி 4ஆம் திகதி தேஜஸ் முதன்முதலில் பறந்தபோது உள்ளே இருந்தது அமெரிக்காவின் எப்-404 இயந்திரம். அதற்கு முன்னர், 1998இல் இந்தியா அணுகுண்டுப் பரிசோதனை நடத்தியபோது அமெரிக்கா தடை விதித்து, அங்கே கூட்டாக வேலை செய்துகொண்டிருந்த இந்தியப் பொறியியலாளர்களைத் திருப்பி அனுப்பியிருந்தது. 2021இல் 99 இயந்திரங்களுக்கு ஒப்பந்தம் செய்யப்பட்டது. இம்முறை தடை எதுவும் இல்லை. இருந்தும் அவற்றில் முதலாவது இயந்திரம் 2025 மார்ச்சில்தான் கையளிக்கப்பட்டது. அதுவரை பணமும் விமான உடலும் விமானிகளும் தயாராகக் காத்திருந்தன.

துருக்கியின் அனுபவமும் இத்தகையது. 2018இல் பாகிஸ்தான் 30 துருக்கிய ஹெலிகொப்டர்களை வாங்க இணங்கியது. அவற்றின் இயந்திரம் அமெரிக்க, பிரித்தானியக் கம்பனிகளின் கூட்டுத் தயாரிப்பு. அமெரிக்கா ஏற்றுமதி அனுமதி கொடுக்கவில்லை. இரண்டு நட்பு நாடுகள் செய்துகொண்ட ஒப்பந்தம் அத்தோடு முடங்கியது. ஈக்குவடோருக்கு 1977இல் நடந்ததே நாற்பது ஆண்டுகளின் பின்னர் மீண்டும் நடந்தது. 2024 பெப்ரவரியில் துருக்கி ‘கான்’ என்ற தனது புதிய போர் விமானத்தைப் பறக்கவிட்டபோதும் உள்ளே இருந்தவை இரண்டு அமெரிக்க இயந்திரங்களே. தனது சொந்த இயந்திரத்தைச் செய்யும் வேலையை அந்நாடு இப்போது தனியாக முன்னெடுக்கிறது.

வாங்கியவர்கள் எல்லாரும் இப்படியே நின்றுவிடவில்லை. 1946இல் பிரித்தானியா தனது ‘நீன்’ என்ற ஜெட் இயந்திரத்தைச் சோவியத் யூனியனுக்கு விற்க இணங்கியது. சோவியத் பொறியியலாளர்கள் கிடைத்த இயந்திரங்களைக் கழற்றி, அளந்து, உலோகத்தை ஆராய்ந்து, தாமே செய்யக் கற்றார்கள். சில ஆண்டுகளில் கொரிய யுத்தத்தில் பறந்த மிக்-15 விமானத்துக்குள் இருந்தது அந்தப் பாடத்தின் பலன்தான். சீனாவும் பல தசாப்தங்கள் ரஷ்ய இயந்திரங்களை வாங்கிக்கொண்டே தனது ஆய்வுகூடங்களையும் வளர்த்தது. வாங்குவது குற்றமல்ல. வாங்கியதைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர்களை வளர்க்காமல் வாங்கிக்கொண்டே இருப்பதுதான் ஆபத்து.

இது எமக்கு எதற்கு?

இலங்கை போர் விமான இயந்திரம் செய்ய வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த இரைச்சலை எமது மண் போதுமான அளவு கேட்டுவிட்டது. ஆனால் அதே சுழலி வேறு வேலைகளும் செய்கிறது. கொழும்பு களனிதிஸ்ஸ மின் நிலையத்தில் மின்சாரம் பிறப்பிக்கும் வாயுச் சுழலிகள் ஜெட் இயந்திரத்தின் நெருங்கிய உறவினர்கள். அவற்றின் உதிரிப்பாகமும் வெளியிலிருந்துதான் வர வேண்டும். கடலுக்குப் போகும் படகின் இயந்திரம், வைத்தியசாலையின் ஸ்கேன் கருவி, அரிசி ஆலையின் மோட்டார் என்று எதைப் பார்த்தாலும் அதே கேள்விதான். பழுதானால் திறந்து பார்த்துத் திருத்தத் தெரிந்தவர் எம்மிடையே எத்தனை பேர்?

அந்த எண்ணிக்கையில் பெண்பிள்ளைகளைச் சேர்க்காமல் விட்டால் ஊரில் பாதிப் பேரை வீட்டில் வைத்துவிட்டுப் போட்டிக்குப் போவதாக முடியும். இரண்டாம் உலக யுத்தத்தில் பிரித்தானியப் போர் விமானங்கள் திடீரென மூக்கைக் கீழே சாய்க்கும்போது இயந்திரம் நின்று நின்று ஓடியது. அதைத் தீர்த்தவர் பியற்றிஸ் ஷில்லிங் என்ற பெண் பொறியியலாளர். எரிபொருள் செல்லும் வழியில் நடுவில் துளையுள்ள சிறிய பித்தளைத் தட்டு ஒன்றை அவர் பொருத்தினார். 1941இல் தமது குழுவினருடன் விமானத் தளங்களுக்கு நேரில் சென்று அவற்றைப் பூட்டிக் கொடுத்தார். ஒரு விரல் நகம் அளவான தட்டு பல விமானிகளின் உயிரைக் காத்தது.

எமக்கு மேலும் நெருக்கமான ஒருவரும் இருக்கிறார். இராமேஸ்வரத்தில் யாத்திரிகர்களைத் தோணியில் ஏற்றியிறக்கிய ஒரு முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் அப்துல் கலாம். இந்தியாவின் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்துக்குத் தலைமை தாங்கிப் பின்னர் ஜனாதிபதியானார். அவருக்குச் சென்னையில் விமானப் பொறியியல் படிக்க அனுமதி கிடைத்தபோது கட்டணம் செலுத்தப் பணம் இருக்கவில்லை. அவருடைய சகோதரி ஸொஹரா தமது தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். கலாமே இதைத் தமது ‘அக்கினிச் சிறகுகள்’ நூலில் நன்றியோடு பதிவு செய்திருக்கிறார்.

ஒரு பெண்ணின் நகை ஒரு ஆண்பிள்ளையைப் பொறியியலாளராக்கியது. எமது ஊர்களில் பெண்பிள்ளை பிறந்த நாளிலிருந்தே அவளுக்கொரு வீடு, அவளுக்கொரு நகை என்று வாப்பாமார் உழைக்கிறார்கள். வெளிநாடு சென்று ஆண்டுக்கணக்கில் உழைப்பவர்களும் உண்டு. அந்த அன்பை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் சாதாரண தரத்தில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் சிறந்த சித்தி பெற்ற மகள், “நான் இணைந்த கணிதம் படிக்கட்டுமா?” என்று கேட்கும் நாளில், “அது ஆண்பிள்ளைகள் படிப்பது” என்று சொல்லி அவளைத் திருப்பிவிடுகிற வீடுகளும் எம்மிடையே இருக்கின்றன. ஒலுவிலிலுள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பீடம் இருக்கிறது. மொறட்டுவையில் உலோகங்களையும் புதிய பொருட்களையும் பற்றிப் படிப்பதற்கே தனித் துறை இருக்கிறது. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவும் 2013இலிருந்து நடக்கிறது. கதவுகள் இல்லை என்று சொல்ல முடியாது.

புல்மோட்டை மணலைப் பார்த்து, அதற்குள் உள்ள தைத்தேனியத்தை இங்கேயே பிரிப்பது எப்படி என்று கேட்கும் முதலாவது பிள்ளை எமது கல்லூரியிலிருந்தும் வரலாம். அந்தக் கேள்வியைக் கேட்க அவளுக்கு இரண்டு ஆண்டு உயர்தரமும் நான்கு ஆண்டு பல்கலைக்கழகமும் வேண்டும். வீட்டிலிருந்து வேண்டியது ஒரு சம்மதம். ஸொஹரா அன்று தம்மிடம் இருந்த நகையையே கொடுத்தார். அவரால் ஒரு சகோதரனுக்குச் செய்ய முடிந்ததை, எம்மால் ஒரு மகளுக்குச் செய்ய முடியாதா?